சாவிக்கொத்து ஒருவரிடம், கரண்டி ஒருவரிடம்

கஞ்சியை இரண்டு தடவை வடிகட்ட வேண்டும். முதலில் டீ வடிகட்டியில், அப்புறம் துவைத்துக் காயவைத்த மெல்லிய துணியில். ஒரு பருக்கை தங்கினாலும் மூக்கில் போட்ட ரைல்ஸ் டியூப் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பழைய குழாயை உருவிப் புதியது போடும்போது அப்பத்தா கத்துகிற கத்தில் வார்டே திரும்பிப் பார்க்கும். அன்றைய பொழுது அத்தோடு சரி.

எங்கள் மதினி இதை எந்த வகுப்பிலும் படித்ததில்லை. அப்பத்தாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மதுரையில் ஒரு மருத்துவமனையில் மூன்று வாரம் கிடந்து, திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பிய நாளில், பில் கட்டும் வரிசைக்கும் ஆட்டோ வந்து நிற்பதற்கும் நடுவே ஒரு சிஸ்டர் பத்து நிமிடம் காட்டிக்கொடுத்தார். முதுகை நிமிர்த்தி உட்கார வையுங்கள். ஊற்றுவதற்கு முன்னால் சிரிஞ்சில் உறிஞ்சிப் பாருங்கள். கஞ்சியைப் புறங்கையில் விட்டால் சுடக் கூடாது. முடிந்ததும் குழாயில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உடனே படுக்கப் போடாதீர்கள். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வையுங்கள்.

"பாத்துக்கிட்டீங்கல்லம்மா?"

"பாத்துக்கிட்டேன் சிஸ்டர்."

பயிற்சியும் அதுதான், தேர்வும் அதுதான். அந்தப் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு மதினி பதினான்கு மாதம் ஓட்டினார். அப்பத்தா உடம்பில் படுக்கைப் புண் ஒன்றுகூட வரவில்லை.

அந்த நாட்களில்தான் நான் ஒரு செய்தியைப் படித்தேன். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில், தீராத நோயுள்ள பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தாய் முறையாகப் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி, செவிலி உதவியாளர் என்று மாநில அரசின் சான்றிதழ் வாங்கலாம். வாங்கியபின், ஒரு வீட்டு மருத்துவ நிறுவனத்தின் வழியாக, சொந்தப் பிள்ளையைப் பார்ப்பதற்கே சம்பளம் பெறலாம். பணம் மெடிக்எய்ட் என்னும் அரசுக் காப்பீட்டிலிருந்து வருகிறது. அரிசோனாவிலும் இப்படி ஒரு வழி உண்டு. மதினியிடம் சொன்னேன். சிரித்தார்.

"பெத்த புள்ளையப் பாக்க சர்டிபிகேட்டா தம்பி? அப்பறம் சோறாக்குறதுக்கும் லைசென்சு கேப்பாகளோ?"

கேட்கிறார்கள் மதினி. அங்கிருந்தே தொடங்கலாம்.

வீட்டு அடுப்பும் கடை அடுப்பும்

மதுரையில் விடியற்காலை எந்தத் தெருவிலும் ஒரு வாசலில் இட்லிச் சட்டி ஏறியிருக்கும். அதே மாவு, அதே சட்டி, அதே அம்மா. வீட்டில் உள்ளவர்களுக்கு அவித்துப் போட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதே இட்லியை இலையில் வைத்துத் தெருவில் போகிறவருக்கு விற்றால், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வாசலுக்கு வந்துவிடும். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு கடைகளுக்கு, ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் போதும் என்று 2011-இல் வந்த விதிகள் வைத்தன. இட்லி மாறவில்லை. சாப்பிடுகிறவர் மாறினார், காசு கை மாறியது. அரசு உள்ளே வந்தது அதனால்தான்.

இன்னொரு அடுப்பும் இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. கிராமங்களில் இந்தத் திட்டத்துக்குச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். அவர்களைத் தேர்ந்தெடுக்க வைத்த நிபந்தனைகளில் ஒன்றை நான் மறக்கவே மாட்டேன்: சமைக்கும் பெண்ணின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும். தன் பிள்ளையும் அந்தத் தட்டில்தான் சாப்பிடப்போகிறது என்றால் உப்பைக் கைதவறிப் போடமாட்டாள் என்கிற கணக்கு. தாய் என்பதையே ஒரு தகுதியாக அரசு எழுதி வைத்த இடம் அது. ஆனாலும் அதோடு விட்டுவிடவில்லை. பயிற்சி கொடுத்தார்கள், எந்த நாளுக்கு எந்த உணவு என்று பட்டியல் கொடுத்தார்கள், பரிமாறுமுன் ருசி பார்க்க ஆள் வைத்தார்கள்.

குடும்பத்தாருக்குத் தரும் பராமரிப்புச் சான்றிதழும் இப்படித்தான் இயங்குகிறது. அன்பை அளக்க எந்த அரசும் முயல்வதில்லை. அரசின் காசு ஒரு வீட்டுக்குள் போகும்போது, அதை வாங்கும் கைக்கு வேலை தெரியுமா என்று கேட்கிறது. கொலராடோத் தாய் சான்றிதழ் இல்லாமலும் பிள்ளையைப் பார்க்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. சம்பளம் வேண்டுமென்றால்தான் தாள் வேண்டும். வீட்டுக்குப் போய் உடல்நலப் பணி செய்யும் உதவியாளருக்கு அந்நாட்டு மத்திய விதி கேட்கும் குறைந்தபட்சப் பயிற்சி 75 மணி நேரம். அதில் 16 மணி நேரமாவது செவிலியின் கண்ணெதிரே கையால் செய்து பழக வேண்டும். செவிலி உதவியாளர் தேர்வில் எழுத்துப் பகுதி ஒன்று, செய்முறைப் பகுதி ஒன்று. செய்முறையில் எந்த வேலையைச் செய்யச் சொல்வார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. ஆனால் கை கழுவிக் காட்டுவது மட்டும் எல்லோருக்கும் கட்டாயம். தேர்வு வைத்தவர் யாரோ அடுப்படியில் வளர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அரிசியை அளப்பவர்கள்

இனி மதுரைக்கு வருவோம். இங்கே தாள்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றை வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தபோது எனக்கு ஒன்று பட்டது. ஏறக்குறைய எல்லாத் தாளும் படுத்திருப்பவரை அளக்கின்றன. பார்த்துக்கொள்பவரை அளப்பது ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டில் அரிசி எத்தனை படி, பருப்பு எத்தனை படி, இலை எத்தனை என்று துல்லியமாக எழுதிவிட்டு, சமையல்காரர் யார் என்ற இடத்தைக் காலியாக விட்டதுபோல.

முதல் அளவை, மாற்றுத்திறன் சதவீதம். பக்கவாதத்தால் கை கால் விழுந்தவரை உடனே அளக்க மாட்டார்கள். சிகிச்சை நடந்து, நிலைமை ஒருவாறு நின்ற பிறகே அளப்பார்கள். சோறு கொதிக்கும்போது யாரும் பதம் சொல்ல முடியாது, வடித்து இறக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் மருத்துவர்கள் பார்த்துச் சதவீதம் போடுவார்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் சலுகைகளின் கதவு திறக்கும். நாடு முழுவதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டை வரும். 2024-இல் திருத்திய விதிகளின்படி அந்த அட்டைக்கு இப்போது நிறமும் உண்டு: 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம்.

இரண்டாவது அளவை கொஞ்சம் நுணுக்கமானது, அதிகம் பேருக்குத் தெரியாதது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 38-ஆம் பிரிவு உயர் ஆதரவு தேவைப்படுவோரைப் பற்றிப் பேசுகிறது. அதாவது குளிப்பது, உண்பது, கழிவறை போவது என்று அன்றாடக் காரியம் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு கை தேவைப்படுபவர்கள். சதவீதம் ஊனத்தைச் சொல்லும். இது இன்னொருவரின் உழைப்பு எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்லும். ஒரே கிலோ துவரம் பருப்புதான். பழைய பருப்பு வேக விறகு இரண்டு மடங்கு ஆகும் என்பது ஆக்குபவளுக்குத்தான் தெரியும். அந்த விறகுக் கணக்குதான் 38-ஆம் பிரிவு. விண்ணப்பத்தை நோயாளிதான் கொடுக்க வேண்டும் என்பதில்லை, அவர் சார்பில் வேறொருவரும் கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. அப்பத்தாவுக்காக மதினி கொடுத்திருக்கலாம். எங்களுக்கு அப்போது தெரியாது.

அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவில், தொடக்கத்திலேயே, மதினியைப் பற்றிய ஒரு வரி இருக்கிறது. பராமரிப்பாளர் யார் என்று வரையறுக்கும்போது, பெற்றோரையும் குடும்பத்தில் மற்றவர்களையும் சேர்த்து, கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பார்த்துக்கொள்பவர் பராமரிப்பாளரே என்கிறது சட்டம். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் கிட்டத்தட்ட இதே அர்த்தத்தில்தான் பேசுகிறது. ஆக, மதினி சட்டப்படி யார் என்பதில் சந்தேகமே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திண்ணையில் உட்கார வைத்திருக்கிறார்கள். உள்ளே கூப்பிட்டு இலை போடுவதுதான் பாக்கி.

நகரப் பேருந்தில் மட்டும் இலை போட்டார்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் மாற்றுத்திறனாளியோடு வரும் துணையாளர் ஒருவருக்கும் டிக்கெட் இலவசம். கண்டக்டர் தலையை எண்ணித் துணையாளர் என்று ஒப்புக்கொள்கிற அந்த நிமிடம், அரசு அவரை நேருக்கு நேர் பார்க்கிற அபூர்வமான நிமிடங்களில் ஒன்று.

சரக்கு அறைச் சாவி

குடும்பத்தில் ஒருவர் பெயரை எழுதி, முத்திரை குத்தி, இவர்தான் என்று மாவட்ட ஆட்சியர் கையெழுத்துப் போட்டுத் தரும் தாள் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான்.

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, இவற்றில் பல சேர்ந்த பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை பெற்றோரே இயற்கையான காப்பாளர். 18 முடிந்த மறுநாள், சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை யாரையும் சாராத பெரிய மனிதர். வங்கிக் கணக்கு, சொத்து, ஒப்பந்தம் எதிலும் பெற்ற தாய் கையெழுத்துப் போட முடியாது. அதற்கு மாவட்ட அளவில் ஒரு குழு இருக்கிறது. ஆட்சியர் தலைவர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர். பெற்றோரோ உறவினரோ விண்ணப்பித்தால் விசாரித்துச் சட்டப்படியான காப்பாளர் சான்றிதழ் தருவார்கள்.

பழைய கூட்டுக் குடும்பங்களில் சரக்கு அறைச் சாவி பெரியவர் ஒருவர் இடுப்பில் தொங்கும். எத்தனை மூட்டை நெல், எத்தனை டின் எண்ணெய் என்று அவருக்குத்தான் தெரியும். அடுப்படியில் வேகிறவர் வேறொருவர். காப்பாளர் சான்றிதழ் அந்தச் சாவிக்கொத்து. அதை வாங்கியவர் ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவு காட்ட வேண்டும். பிள்ளைக்கு வலிப்பு வந்தால் எப்படிப் படுக்க வைப்பது என்று அந்தத் தாய்க்குத் தெரியுமா, விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு எப்படி ஊட்டுகிறார் என்ற கேள்விகளுக்கு அந்தச் சான்றிதழில் இடமில்லை. அலட்சியம் செய்தாலோ கொடுமைப்படுத்தினாலோ காப்பாளரை நீக்கச் சட்டத்தில் வழி உண்டு. அது அடிப்பிடித்த வாசம் தெருவுக்கு வந்த பிறகு.

நான் சாவியை மட்டம் தட்டவில்லை. சாவி இல்லாத வீடு என்ன பாடுபடும் என்பதற்கு, கோமாவில் கிடக்கும் கணவரின் மனைவியைக் கேட்டுப் பார்க்கலாம். அந்த நிலைக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2024-இல் ஒரு பெண் உயர் நீதிமன்றம்வரை போய், சென்னையில் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்ன பிறகே கணவரின் சொத்தைக் கையாளும் காப்பாளரானார். தாலி கட்டியதற்குச் சாட்சிகள் நூறு பேர் இருப்பார்கள். வங்கி மேலாளருக்கு அது போதாது.

கைப்பக்குவத்தை எப்படி அளப்பது?

பக்குவம் என்பதை எழுத முடியாது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நம் வீட்டுச் சமையலில் அளவு கேட்டால் "கண்ணளவு", "கையளவு" என்றுதான் பதில் வரும். ஆனால் மதுரையில் நூறு இலைக்குப் பந்தி போடும் சமையல் மாஸ்டரைப் பாருங்கள். பையனை வேலைக்குச் சேர்த்தால் முதல் ஆறு மாதம் வெங்காயம். அப்புறம் தாளிப்பு. ஒருநாள் சாம்பார் அண்டா முன்னால் நிறுத்தி, கரண்டியைக் கொடுத்து, "உப்பு பாருடா" என்பார். பையன் சொல்லும் பதிலில் தெரிந்துவிடும். அளப்பதற்கு வழி இருக்கிறது, தாள்தான் இல்லை.

பராமரிப்பில் தாளும் இருக்கிறது, ஆனால் வேறு ஆளுக்காக அச்சடித்தது. மத்திய அரசின் திறன் பயிற்சி அமைப்பில், சுகாதாரத் துறைக்கான திறன் குழு 'ஹோம் ஹெல்த் எய்டு' என்று ஒரு வேலையை வகுத்து வைத்திருக்கிறது. படுக்கையில் இருப்பவரைக் குளிப்பாட்டுவது, நகர்த்துவது, ஊட்டுவது, கழிவறை உதவி, தொற்று வராமல் காப்பது எல்லாம் அதில் உண்டு. மதினி தினமும் செய்ததும் இதே வேலைதான். இதற்கு வகுப்புக்கே போகாமல், அனுபவத்தில் கற்றதைச் சோதித்துச் சான்றளிக்கும் முறையும் அதே அமைப்பில் இருக்கிறது. கொத்தனார், தையல்காரர் என்று பலர் அந்த வழியில் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் இவையெல்லாம் வேலைக்குப் போகிறவரை மனதில் வைத்துச் செய்தவை. மதினி வேலை தேடவில்லை, வேலைதான் அவரைத் தேடி வந்தது. தேசிய அறக்கட்டளை 'சகயோகி' என்ற பெயரில் நடத்தும் பயிற்சி, முதல் நிலை, உயர் நிலை என்று இரண்டு படிகளில், குடும்பத்தாரையும் சேர்த்துக்கொள்கிறது. அதுவும் அந்தச் சட்டத்தில் வரும் குறைபாடுகளுக்கு உரியது. பக்கவாதம் வந்த அப்பத்தா அந்தப் பட்டியலில் இல்லை.

தாள் தராமலே மிக நன்றாகச் சொல்லித்தரும் இடங்களும் உண்டு. வேலூர் சிஎம்சியில் 1966-இல் தொடங்கிய மேரி வர்கீஸ் மறுவாழ்வு நிலையத்தில், முதுகுத்தண்டு அடிபட்டவரோடு வீட்டு ஆளும் தங்கிக் கற்றுக்கொள்வார். திருப்பிப் படுக்கவைப்பது, தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைப்பது, சிறுநீர்க் குழாயைக் கையாள்வது எல்லாம் பழகிய பிறகே ஊருக்கு. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், வளர்ச்சி தாமதப்படும் குழந்தைகளின் வீட்டுக்கே ஆள் அனுப்பித் தாய்க்குப் பயிற்சி தருகிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வயிற்று வழி டயாலிசிஸ். சிறுநீரகம் செயலிழந்தவரின் வயிற்றில் ஒரு குழாய் பொருத்தி, ஒரு பை மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்து, புதுப் பை மாற்றுவது. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை. செய்வது வீட்டில்; பெரும்பாலும் மனைவியோ மகளோ. கதவைச் சாத்த வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும், மூக்கையும் வாயையும் மூட வேண்டும், கையைச் சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவ வேண்டும், இணைப்பின் முனையில் விரல் படவே கூடாது. ஊறுகாய் ஜாடியில் ஈரக் கை படக் கூடாது என்று சிறுவயதிலிருந்து அடி வாங்கியவளுக்கு இந்த விதியின் நியாயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. வடிந்து வரும் நீர் தெளிவாக இருக்க வேண்டும். அரிசி களைந்த கழுநீர்போல் கலங்கினால் வயிற்றில் தொற்று, உடனே மருத்துவமனை. திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி, பார்த்து, திருத்தி, இனிமேல் இவர் தனியாகச் செய்யலாம் என்று நர்ஸுக்கு மனம் ஒப்பிய பிறகுதான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கொலராடோவில் நடக்கும் செய்முறைத் தேர்வுக்கு இது எந்த விதத்திலும் இளைத்ததல்ல. தமிழக அரசு இந்தப் பைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. பை வாங்கியதற்கு ரசீது உண்டு. தேறியவளுக்குத்தான் ஒன்றும் இல்லை.

சட்டியும் அகப்பையும்

தாள் இருந்தால் என்ன வரும்? பணத்தைப் பேசாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது.

கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு போன்ற பிரிவுகளில் வருவோருக்குத் தமிழக அரசு மாதப் பராமரிப்புத் தொகை தருகிறது. 1,500 ரூபாயாக இருந்தது 2023 ஜனவரியிலிருந்து 2,000 ஆனது. உயர் ஆதரவு தேவைப்படுவோரின் உதவியாளருக்கென்று மாதம் 1,000 ரூபாயும் உண்டு. 2016 சட்டத்தின் 24-ஆம் பிரிவே பராமரிப்பாளர் படியைப் பற்றிச் சொல்கிறது. கூடவே, அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்று ஒரு கொக்கியும் போடுகிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பதைச் சட்ட மொழியில் எழுதினால் அப்படித்தான் வரும்.

கேரளத்தில் 'ஆஸ்வாசகிரணம்' என்ற திட்டம், படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்ப்பதற்காக வேறு வேலைக்குப் போக முடியாதவருக்கு மாதம் 600 ரூபாய் வைத்தது. தொகை சிறியது. ஆனால் பணம் பார்த்துக்கொள்பவரின் பெயரில் எழுதப்படுகிறது. ஜெர்மனியில் 1995 முதல் பராமரிப்புக் காப்பீடு இருக்கிறது. வீட்டு ஆளே பார்த்துக்கொண்டால், 2025 கணக்குப்படி, தேவையின் படிநிலைக்கு ஏற்ப மாதம் 347 முதல் 990 யூரோ வரை. பயிற்சி வகுப்பு இலவசம். தேர்வு கிடையாது. அதற்குப் பதில், குறிப்பிட்ட இடைவெளியில் ஆலோசகர் ஒருவர் வீட்டுக்கு வந்து எப்படி நடக்கிறது என்று பார்த்து, சந்தேகம் தீர்த்துவிட்டுப் போவார். அவரை வரவிடாவிட்டால் பணம் குறையும். அமெரிக்க முறை, சமையல்காரரைப் பள்ளிக்கு அனுப்பிப் பட்டம் கொடுக்கிறது. ஜெர்மன் முறை, அவர் அடுப்படிக்கே வந்து ஒரு கரண்டி எடுத்து உப்புப் பார்க்கிறது.

என்னைக் கேட்டால் நமக்கு இரண்டாவதுதான் ஒத்துவரும். அதற்கான ஆட்களும் நம் தெருவுக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது, 2024-இல் ஐ.நா.வின் பல அமைப்புகள் சேர்ந்த பணிக்குழு அதற்கு விருது கொடுத்தது. சுய உதவிக் குழுப் பெண் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவருகிறார். நோய்த்தணிப்பு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வண்டியில் வருகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த நர்ஸ் புண் இருக்கிறதா என்று அப்பத்தாவின் முதுகைத் திருப்பிப் பார்த்தார். இல்லை என்று எழுதிக்கொண்டார். ஏன் இல்லை என்று எழுத அந்த நோட்டில் ஒரு கட்டம் இருந்திருந்தால், அங்கே மதினியின் பெயரை எழுதியிருப்பார். இன்னும் நான்கைந்து கட்டம் போட்டு, குழாய் வழி ஊட்டத் தெரியும், திருப்பத் தெரியும், எப்போது ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும் என்று தெரியும் என அவர் கையெழுத்திட்டால் அதுவே சான்றிதழ்.

இதில் எனக்கு ஒரு பயமும் உண்டு, அதை மறைப்பானேன். நன்றாகச் சமைக்கிறாள் என்று பெயர் வாங்கிய மருமகள் அடுப்படியைவிட்டு வெளியே வந்த கதை நம் ஊரில் இல்லை. நாளைக்கு மதினி கையில் ஒரு தாளைக் கொடுத்தால், "சர்டிபிகேட் வாங்குனது நீதான, நீயே பாரு" என்று என் அண்ணனே சொல்லக்கூடும். நானும் சொல்லுவேன். தாளோடு மாதத்துக்கு இரண்டு நாள் அவருக்கு மாற்று ஆள் கிடைக்காவிட்டால் அது சான்றிதழ் இல்லை, விலங்கு. பணமும் நிலையானதில்லை. அமெரிக்காவிலேயே இண்டியானா மாநிலம், செலவு கைமீறுகிறது என்று, சின்னப் பிள்ளைகளின் பெற்றோருக்கு உதவியாளர் கணக்கில் கொடுத்துவந்த சம்பளத்தை 2024 ஜூலையோடு நிறுத்தியது. நம்பி வேலையை விட்ட தாய்மார்கள் போராடினார்கள்.

மதுரையில் இப்போதைக்கு நடக்கக்கூடியது இவ்வளவுதான்: நோயாளியின் அடையாள அட்டை, சதவீதம் போட்ட சான்று, பாஸ்புக், ரேஷன் அட்டை, ஆதார் நகல்களோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுக்கலாம். பராமரிப்புத் தொகைக்கு விண்ணப்பிக்கும்போதே உயர் ஆதரவு தேவை என்பதையும் உதவியாளர் தொகையையும் சேர்த்து எழுதிக் கேட்க வேண்டும். கேட்காமல் யாரும் நீட்ட மாட்டார்கள். பந்தியில் அப்பளம் மாதிரி.

அப்பத்தா போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் எங்கள் தெருவில் ஒருவரை மூக்குக் குழாயோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ராத்திரி எட்டு மணிக்கு அவர் மகள் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்கக்கா, ஊத்துனது உள்ள எறங்க மாட்டேங்குது." மதினி சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அந்த வீட்டுக்குள் போனதும் முதலில் சோப்புக் கேட்டார். கை கழுவிவிட்டுக் கஞ்சிப் பாத்திரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"எத்தன தடவ வடிகட்டுன?"

"ஒரு தடவக்கா."

"துணி இருக்கா வீட்ல?"